கண்ணில் விழுந்த வெளிச்சம்

உங்கள் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் உங்கள் படத்தில் மூக்கின் நிழல் மீசையில் விழுகிறது, ஐயா. எடுத்தவன் உச்சி விளக்கை அணைத்துவிட்டு உங்களை ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கலாம். முகத்துக்கு ஜன்னல் வெளிச்சத்தை மிஞ்சியது எதுவும் கிடையாது. என் மனைவியை நான் எப்போதும் அப்படித்தான் எடுத்தேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் அப்பா மூட்டை தூக்கியவர். நான் செங்கலும் சிமெண்டும் சுமந்தவன். தோல் உரிந்த தோளோடு ஒரு ஸ்டுடியோவில் தரை கூட்டப் போய், அங்கேயே தொழில் பழகிச் சொந்தக் கடை வைத்தேன். வெயில் ஒரு முகத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கட்டியவளை வெயில் படாமல் வைத்துக்கொள்ள நினைத்தது தப்பில்லை.

படம் திருத்த அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். வேலை சுத்தம். வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டி அவளிடம் பேச ஆரம்பித்தார்கள். ஒருநாள் வேறு இடத்தில் வேலைக்குப் போகிறேன் என்றாள். நான் கை ஓங்கவில்லை. மாடி அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குப் புதுக் கம்பி போட்டேன்.

கம்பியைப் பற்றவைத்தது அவள் அண்ணன். வெல்டிங் தொழில் தெரிந்தவர், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, இவ்ளோ நெருக்கமா கேக்குறீங்க? கொசுகூட உங்ககிட்ட அனுமதி வாங்கணும்போல."

"காலம் கெட்டுக் கெடக்கு மச்சான்."

அழகுக்கு இருக்கட்டும் என்று நடுவில் ஒரு வளையம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் விமானம் ஏறியதும் அவளை அந்த அறையில் வைத்துப் பூட்டினேன். பிறகு தங்கையோடு பேச வேண்டும் என்று போன் மேல் போன். அவள் வேலைக்குப் போகக் கூடாது என்று அவரும்தான் சொல்லியிருந்தார். "அந்தக் கோபம் இன்னும் ஆறல மச்சான். படம் மட்டும் அனுப்பச் சொன்னா" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா. நம்பினார்.

ஆளை வெட்டி வேறு இடத்தில் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. வெளிச்சத்தின் திசை பொருந்த வேண்டும். ஜன்னல் வெளிச்சம் மென்மையானது, அதற்கு மேகம் மூடிய வானம்தான் சரிப்படும். முடியின் ஓரத்தைக் கூராக வெட்டினால் காட்டிக்கொடுத்துவிடும், கொஞ்சம் மங்கலாக்க வேண்டும். காலடியில் நிழல் போடாவிட்டால் ஆள் அந்தரத்தில் நிற்பாள். இப்படி அவளைப் பூங்காவுக்கும் மலைக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போனேன்.

அவள் படங்களைப் பார்த்துச் சிரிப்பாள். "படத்துல இருக்கிறவ குடுத்து வச்சவ. நான் இன்னும் மாடிப்படிய தாண்டல, அவ மலையேறிட்டா."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"சரிங்க. கண்ண மட்டும் நல்லா பளிச்சுனு வைங்க. எங்க அண்ணன் மொதல்ல என் கண்ணத்தான் பாக்கும்."

எனக்கு மனது நிறைந்தது. தொழில் தெரிந்தவள் சொல்கிற பேச்சு அது. கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாத முகம் செத்த முகம். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் கண்ணைக் கூராக்காமல் அனுப்பியதில்லை. ஜன்னலுக்கு நேராக அவளே போய் உட்கார்ந்துகொள்வாள். இமைக்கமாட்டாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஆள் பாதியாகிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி என் கையைப் பிடித்தாள். மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் முந்தின வாரம்தான் அவள் கடற்கரையில் கன்னம் பூரித்து நின்றிருந்தாள். அந்தப் படம் உறவு முழுக்கச் சுற்றிவிட்டது. இந்த எலும்புக்கூட்டை எந்த வாசல் வழியாக வெளியே கொண்டுபோவது? அப்போதுதான், ஐயா, நானும் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. என்னைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

மாத்திரை வாங்கி வந்தேன். காய்ச்சல் கேட்கவில்லை. அவள் போன பிறகும் பழைய படங்களை வைத்துச் சமாளித்தேன். உடுப்பின் நிறம் மாற்றினேன், முடியைக் கொஞ்சம் நீளமாக்கினேன். தங்கை நன்றாக இருக்கிறாள் என்று ஒரு மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார். அது புண்ணியம் இல்லையா?

மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கையில் கடற்கரைப் படம், கதவு அகலத்துக்குப் பெரிதாக்கியது. வீட்டுச் சுவரில் மாட்டப் பெரிதாக்கினாராம். தரையில் விரித்து, அவள் கண்மணிமேல் விரலை வைத்தார். நெருக்கமான கம்பிகள். நடுவில் ஒரு வளையம்.

"கடற்கரையில ஏது மாப்ள ஜன்னலு?"

நான் படத்தைச் சுருட்டுவதற்குள் அவர் மாடிப்படி ஏறிவிட்டார்.

அறையில் கட்டில் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசிய புது மேடை. அவளை அதற்குள் வைத்தது நான்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் சாகவிட்டதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மேடையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். உங்கள் ஆள் கேமராவோடு நிற்பான். அவனிடம் படங்களை நேரே யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஐயா. என்னிடம் தாருங்கள். கொஞ்சம் சரிசெய்து தருகிறேன். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும்.