ராணியை வாரிக் கொடுக்கும் புரோகிராம்

நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்தே முன்சீட்டுப் பெண்ணுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியில் லேப்டாப். திடீரென்று பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்.

"திரும்பவும் ராணியச் சும்மா தூக்கிக் குடுத்துருச்சுடீ."

"நீ எழுதுன செஸ் புரோகிராமா? சோதனைக்கு வச்ச புதிரெல்லாம் சரியாப் போட்டுச்சுன்னியே?"

"அதான் வினை. அம்புட்டுப் புதிர்லயும் ராணிய வெட்டுக் குடுத்தாத்தான் ஜெயிப்பு. நானும் அதுக்குத் தக்கன ராணியோட மதிப்பக் குறைச்சு, ராஜாவத் தாக்குறதுக்கு மதிப்பக் கூட்டிக்கிட்டே போனேன். புதிர்ல மார்க் ஏறுச்சு. முழு ஆட்டம் ஆடவிட்டா, எடுத்த எடுப்புலயே ராணியக் குடுத்துட்டு முழிக்குது."

"முதல்ல எழுதுனது?"

"அதோடயும் மோதவிட்டுப் பாத்தேன். இது தோத்துக்கிட்டே இருக்கு."

"நாளைக்குப் போட்டிய வச்சுக்கிட்டு என்னடீ யோசனை? பழசையே அனுப்பிரு."

அவள் லேப்டாப் பக்கம் குனிந்தாள். நகத்தைக் கடித்தாள், எதையோ அழித்தாள், திரும்ப அடித்தாள். சிம்மக்கல் வந்ததும் தோழி எழுந்தாள்.

"என்னதான் பண்ணுன?"

"பழச அனுப்பிட்டேன்."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒரு மாசமா நான் திருத்துனது பூராம் புரோகிராமக் கெடுத்துருக்குடீ."