சோபாவில் பழகிய பிரேக்

தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் பஸ். முன் சீட்டில் ஒரே ஹோட்டலின் சீருடையில் இரண்டு பெண்கள். ஒட்டுக் கேட்கும் எண்ணமே எனக்கு இல்லை. மூத்தவள் சொன்னதில் தூக்கம் போய்விட்டது.

"போன வாரம் ஏபிஎஸ்ஸ ஆஃப் பண்ணிட்டேன்லா."

"ஐயோ அக்கா, காடியிலயா?"

"இல்லலா, கேம்ல. எங்க வீட்டுக்காரரு ரேஸ் ஓட்டுவாருல்ல, அந்தக் கேம்."

"அது இருந்தா நல்லதுதானே?"

"நல்லதுதான். எவ்வளவு அழுத்தி பிரேக் போட்டாலும் டயர் பூட்டிக்கிட்டு வழுக்காது, கேமே பாத்துக்கும். எங்க பழைய காடியில அது ஏது? மழையில இந்த மலைய இறங்கணும்ல. அதான் ஆஃப் பண்ணிட்டு சோபாவுல உக்காந்து பழகுறேன்."

"பழகிடுச்சாக்கா?"

"இப்ப எங்கயும் முட்டுறதே இல்ல. டயர் பூட்டிக்கப் போவுதுன்னா கன்ட்ரோலர் கையில நடுங்கும். உடனே விரல லேசா தளர்த்திடுவேன்."

இளையவள் கொஞ்சம் யோசித்தாள்.

"காடியில என்னக்கா நடுங்கும்?"

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது.

"நான்தான். இல்லாட்டி ஏன் பஸ்ல வாரேன்?"