மூன்று பேரும் பெர்மனென்ட்

வடலூரிலிருந்து நெய்வேலி வரும் பேருந்தில் பதினேழு பேர் நின்றார்கள். எங்கே கவிழுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது முன் இருக்கைப் பேச்சு காதில் விழுந்தது. கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் ஆபீஸ் நடத்துகிற பெண், பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்.

“நம்ம ஆபீஸ்ல மூணு பேரு இருக்காங்கக்கா. மூணு பேருமே பெர்மனென்ட்.”

“இருக்கறது ஒரே ரூம், அதுல பெர்மனென்ட்டா? வேலை வந்தா கூப்பிடு, இல்லன்னா வூட்ல இருக்கட்டும். காண்ட்ராக்ட்தாண்டி உனக்கு வசதி.”

“அப்பா சுரங்க வேலைல கடைசிவரைக்கும் காண்ட்ராக்ட்தான். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் உள்ள போற புது கேட்பாஸுக்கு வாசல்ல நின்னுகினு இருப்பாரு. எங்கிட்ட யாரும் அப்படி நிக்க வேணாங்க்கா.”

“ரெண்டு பொண்ணுங்களத் தெரியும். மூணாவது யாரு?”

“அப்பாதான். காலைல ஆபீஸத் தொறக்கறாரு. பெர்மனென்ட்னு போட்டு கழுத்துல மாட்டற கார்டு குடுத்தேன், குளிக்கும்போதுதான் கழட்டறாரு.”

“ரிட்டயர்மென்ட் எப்போ?”

“அதெல்லாம் எங்க ஆபீஸ்ல இல்லக்கா.”