கொள்ளுக்கு ஒரு வேண்டுதல்

பெரியகுளத்துக்குப் போன பேருந்தில் ஓர் அம்மாள், ஐயனாருக்கு நேர்ந்துகொண்ட மண்குதிரையை மடியில் வைத்திருந்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“குதிரைக்கு டிக்கெட் வாங்கிட்டியா ஆத்தா?”

“சிரிக்காதீகண்ணே. என் மகன் மெட்ராசுல ரேஸ் குதிரைக்குக் கொள்ளு வைக்கிறான். ரேசை இனிமே கவர்மெண்டே நடத்தப்போகுதாம். தீவனத்துக்குப் பணம் ஒதுக்காட்டி லாயத்தை மூடிருவாகளாம். அவன் வேலை நிலைக்கணும்னு நேர்ந்தேன்.”

“என் தம்பி மாந்தோப்பையே அந்த ரேசுலதான் விட்டான். சூதாட்டம் நடக்கணும்னா சாமிகிட்டக் கேக்குற?”

“சூதாட்டத்துக்கு எங்கண்ணே கேட்டேன்? கொள்ளுக்குத்தான் கேட்டேன். தோத்த குதிரைக்கும் பசிக்கும்ல?”

முன்சீட்டுக்காரர் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் வளைவில் பேருந்து குலுங்கியபோது சட்டென்று திரும்பி, அந்த மண்குதிரையின் கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

ஐயனார் அதைப் பார்த்திருப்பார்.