செவந்த கண்ணு

விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். முன் சீட்டில், டாக்டருக்குப் படிக்கும் மகளும் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் தாயும்.

"நேத்து வார்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்மா. பேஷண்ட்டுதான் எளுப்பிவிட்டாரு."

"எங்க கம்பெனில கண்ணு செவந்திருந்தாலே போர்மேன் மருந்து ரூமுக்குள்ள விடமாட்டாரு. தூக்கக் கலக்கத்துல மருந்தத் தொடக்கூடாதும்பாரு. அன்னைக்குப் பூரா பெட்டி ஒட்டுற வேலதான்."

"எங்க மருந்துக்குப் போர்மேன் இல்லியேம்மா."

 தாய் மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"கண்ண மூடு. சிவகாசி வந்ததும் எளுப்புதேன்."

சிவகாசி வந்தது.

"இங்கன எறங்கணும்னீகளே?" என்றார் கண்டக்டர்.

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றார் தாய். "ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க."