பொத்தானின் வயிற்றுத் துணி

எனக்கு அழுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேற்று உங்களோடு வந்த பெண் காவலர் என் பின்னறை வாசலில் வாந்தி எடுத்தாரே, அதைக்கூட நானேதான் பினாயில் ஊற்றித் துடைத்தேன். வண்டியில் ஏறுவதற்கு முன் துடைத்துவிடட்டுமா என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கேட்டதற்கு வரிசையாகவே சொல்கிறேன்.

நான் நாய்க்குட்டி விற்கிறவள். எல்லாத் தாய்களையும் வைத்து வளர்க்க என் வீட்டில் இடம் போதாது. அதனால் ஓர் ஏற்பாடு. நல்ல இனத்துப் பெண் குட்டியை ஒரு வீட்டுக்குச் சும்மாவே கொடுப்பேன். அது அவர்கள் பிள்ளையாக வளரும். இரண்டு முறை மட்டும் என்னிடம் வந்து குட்டி போட வேண்டும். இரண்டு ஈற்றுக்கும் நடுவில் ஒரு வருடமாவது ஓய்வு. குட்டிகள் பால் மறந்ததும் தாயைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டாவது ஈற்றுக்குப் பிறகு கருத்தடை செய்து, முழுக்க அவர்களுக்கே சொந்தம். பிரசவத்தில் தாய் இறந்துபோனால் குட்டிகளில் ஒன்று அவர்களுக்கு. அந்தக் கடைசி வரியை அவர்கள் ஆறுதலுக்காக நானே யோசித்துச் சேர்த்தேன்.

அப்படி ஒரு குட்டிக்குக் கையெழுத்துப் போட வந்த தையற்காரர் அந்த வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார். மனைவி போய்ச் சேர்ந்து, மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்து, ஒற்றை அறைக் கடையிலேயே படுத்து எழும் மனிதர்.

“இதெல்லாம் எதுக்கும்மா எழுதணும்? வாயில வைக்கற வார்த்தையா இது?”

“சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அண்ணா. இதுவரைக்கும் யாருக்கும் அப்படி நடந்ததில்ல.”

அது உண்மை. அவருடையதுதான் முதல்.

குட்டியின் மூக்கு கோட்டுப் பொத்தான் மாதிரி இருந்ததால் அதையே பெயராக வைத்தார். துணி வெட்டி முடித்து, கத்திரியை வெறுமனே இரண்டு தட்டு தட்டுவார். பொத்தான் இரண்டு தடவை குரைக்கும். “கடைக்கு அசிஸ்டென்ட் வந்தாச்சும்மா. அளவு எடுக்கத் தெரியாது, ஆனா வாய் மட்டும் என் மாமியார் மாதிரி” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முதல் ஈற்றில் ஒன்பது குட்டிகள்.

குட்டி போட்ட தாயை நீங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வாரக்கணக்கில் பின்பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். முலைகள் தரையில் உரசிப் புண்ணாகி, புளித்த பாலும் சீழுமாக ஒரு வாடை. குட்டிகளோ பஞ்சு மாதிரி. வாங்க வருகிறவர்கள் அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு அதையா காட்ட முடியும்? அதற்கென்றே முன்னறையில் ஒரு நாய் வைத்திருந்தேன், குட்டியே போடாதது. தினமும் சீவி, கழுத்தில் ரிப்பன் கட்டுவேன். எந்த ஈற்றுக்கும் அதுதான் அம்மா. குட்டிகள் முலை தேடிப் போனால் உறுமும். “இப்பவே அலுத்துப்போச்சு பாருங்க அம்மாவுக்கு” என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

எட்டு வாரத்தில் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தேன். தையற்காரர் அதன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். தொங்கிய வயிற்றைத் தாங்குவதற்கு அன்றைக்கே ஒரு துணி தைத்தார். மனைவியின் பழைய பருத்திப் புடவை, உள்ளே பஞ்சு, முதுகில் கட்ட நான்கு நாடா, ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். புண் உரசாமல் ஆறிவிட்டதாம்.

அடுத்த வருடம் நான் கேட்டபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டாவது வேணாம்மா. அவ உடம்பு தாங்காது. உன் ஆயுசுக்கும் உனக்குச் சும்மாவே தச்சுத் தரேன்.”

“கையெழுத்துப் போட்டாச்சே அண்ணா.”

அழைத்துவந்து விட்டார். அந்த வயிற்றுத் துணியையும் துவைத்து மடித்துப் பையில் வைத்திருந்தார். “பெத்ததும் கட்டிவிடும்மா. நாடாவை இறுக்கிடாத.”

பன்னிரண்டு குட்டிகள். பன்னிரண்டும் பிழைத்தன. அப்படி ஒரு தாயை நான் பார்த்ததில்லை. அதைத் தையல் கடையில் சும்மா படுத்துக் கிடக்க அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதன் மேல் நான் வைத்த மதிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பிரசவத்தில் போய்விட்டது என்று போன் செய்தேன்.

செருப்புகூடப் போடாமல் வந்தார். “முகத்தையாவது காட்டும்மா.”

“தொத்து பரவும்னு எரிச்சாச்சு அண்ணா.”

ஒரு டப்பாவில் சாம்பல் கொடுத்தேன். பிரசவ அறையின் பழந்துணி எரித்த சாம்பல்தான். ஆனாலும் நன்றாகச் சலித்து, கல் மண் இல்லாமல் கொடுத்தேன். ஒப்பந்தப்படி ஒரு குட்டியையும் நீட்டினேன். “அவளே இல்ல, இது எதுக்கும்மா” என்று டப்பாவை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு மற்ற வீடுகளுக்கும் அந்தக் கடைசி வரி பயன்பட்டது. பின்னறையில் பதினொரு தாய்கள் சேர்ந்தன. ஓய்வெல்லாம் கிடையாது, பருவம் வரும்போதெல்லாம் ஓர் ஈற்று. பொத்தானுக்குப் போன மாதம் ஆறாவது. இரண்டாவதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதே வயிற்றுத் துணிதான். உறுதியான தையல். நான் எதையும் வீணாக்க மாட்டேன்.

தையற்காரருக்குத் தொழில் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பாவமாக இருந்தது. முன்னறை ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்கச் சொன்னேன். போன வாரம் கொண்டுவந்தார். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, வெட்டினார். பழக்க தோஷம், கத்திரியை இரண்டு தட்டு தட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ மோதியது. இரண்டு தடவை. பிறகு விடாமல்.

“என்னம்மா அது?”

“வாஷிங் மெஷின் அண்ணா. ஒரு கால் ஆடுது.”

“அட்டையை மடிச்சு அடியில குடும்மா, நின்னுடும். இல்லாட்டி ஒரு நாள் நடந்து என் கடைக்கே வந்துடும்.”

சிரித்துக்கொண்டே பக்கவாட்டு ஜன்னலுக்குத் திரை மாட்டப் போனார். அங்கிருந்து கொடி தெரியும். துவைத்ததை வெயிலில் காயப்போடாமல் இருக்க என்னால் முடியாது. அது ஒன்றுதான் என் தவறு. ஜன்னல் வழியே கையை நீட்டி, அந்தத் துணியின் பச்சைப் பொத்தானைத் தொட்டார். ஈரத் துணியைப் பிழிந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பால் கறை எத்தனை துவைத்தாலும் வாடை போகாது. இரண்டு வருடத்துக்கு முன் செத்த நாயின் துணி.

திரையை ஒழுங்காகவே மாட்டி முடித்தார். “வரேம்மா” என்றார். உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

மற்றதை நீங்களே பார்த்தீர்கள். பூட்டை உடைத்ததும் பதினொரு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. சத்தம் வரவில்லை. பெண் காவலர் அப்போதுதான் குனிந்தார். தையற்காரர் சட்டைப் பையிலிருந்து கத்திரியை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். பொத்தான் வயிற்றை இழுத்துக்கொண்டு அவர் காலடிக்கு வந்து, வாயை இரண்டு தடவை திறந்து மூடியது. காற்று மட்டும் வந்தது.

“ஏம்மா, இவ ஏன் பேச மாட்டேங்கறா?”

நேற்று அவர் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் குரைப்புத் தாங்கவில்லை என்று புகார் செய்தார். முன்பு கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் வந்து, வாய் வழியாகவே தொண்டைக்குள் குரல் நாணை வெட்டிவிட்டுப் போவார். ஐந்து நிமிட வேலை. பொத்தானுக்குச் செய்தது, அது செத்துவிட்டதாக அவருக்கு நான் போன் செய்வதற்கு நான்கு நாள் முன்பு. அவர் முன்னறையில் அழுதபோது அது பின்னறையில்தான் இருந்தது. பதினொன்றுக்கும் செய்தேன். ஒவ்வொன்றின் தலையையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை காலத்தில் என் வீட்டில் எந்தத் தாயும் வேண்டாம் என்று ஒரு சத்தம் போட்டதில்லை.