பாலில் நனைத்த பிஸ்கட்

பசலைக்கீரை உடம்புக்கு நல்லது என்பார்கள். பல்லிகளுக்கு நல்லதல்ல. அதில் உள்ள ஒரு பொருள் கால்சியத்தை எலும்புக்குப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

என்னிடம் வெளிநாட்டு வளர்ப்புப் பல்லிகள் இரண்டு இருக்கின்றன, பெரியவனும் சின்னவளும். வாலோடு சேர்த்து ஒரு முழம். காலையில் பொடியாக நறுக்கிய பூசணி, இளந்தழை. மாலையில் சுவர்க்கோழிப் பூச்சிகள், மேலே கால்சியம் பொடி தூவி. அந்தப் பூச்சிகளுக்கும் முதல் நாளே நல்ல கேரட்டாகப் பார்த்துப் போடுவேன். பூச்சி தின்றதுதானே பல்லிக்குச் சேரும். நான் வீடு திரும்பும்போது சின்னவள் கண்ணாடித் தொட்டியைத் தட்டுவாள். அதற்காகவே ஓடி வருவேன்.

வீட்டுக்காரர் நல்லவர். மாடியில் தனியாக இருந்தார். நான் ஆய்வகத்துக்குக் கிளம்பியதும் என் அறைக்கு வந்து, பாலில் நனைத்த பிஸ்கட்டை அவற்றுக்கு ஊட்டுவார். சின்னவளின் தாடையில் பிஸ்கட் தூளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"மாமா, அதுங்களுக்குப் பால் செரிக்காது."

"அட போம்மா, இலையும் தழையும் போட்டு வாயைக் கட்டி வச்சிருக்கே. என்னைப் பாத்தா எப்படித் துள்ளுது தெரியுமா? தாத்தான்னு கூப்பிடாத குறைதான்."

நானும் சிரித்துவிட்டேன். அவர் பேச்சு அப்படி.

பிஸ்கட்டில் வயிறு நிறைந்த சின்னவள் பொடி தூவிய பூச்சிகளைத் தொடவில்லை. பிறகு அவள் பின்னங்கால் நடுங்கத் தொடங்கியது. தாடை ரப்பர் போல வளைந்தது. இப்படியே போனால் பிழைக்காது என்றார் கால்நடை மருத்துவர். வீட்டுக்காரரிடம் மறுபடி சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். மறுநாளும் தூள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வந்திருந்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்ததால் கசப்பு தெரியவில்லை. "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். அதிக நேரம் ஆகவில்லை. மூச்சு நின்றதைப் பார்த்துக்கொண்டு, கோப்பையைக் கழுவிவிட்டுப் பூச்சிகளுக்குக் கேரட் சீவ உட்கார்ந்தேன்.

சின்னவள் இப்போது நன்றாக நடக்கிறாள். நேற்று கிளையில்கூட ஏறினாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சார்.

அவரிடமிருந்த மாற்றுச் சாவியைத் திருப்பிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் எனக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம். வயதில் பெரியவர். முகத்துக்கு நேராகப் போய்ச் சாவியைக் கொடுங்கள் என்றால் அவர் மனம் நோகாதா?